முடியாதென்று சொல்ல ஒரு பயணம்

எங்கள் சங்கத் தலைவரம்மா நாற்காலியை விட்டு எழுந்த அந்தக் கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் பார்த்த எந்தக் கூட்டத்திலும் அவர் பாதியில் எழுந்ததில்லை. தகரக் கூரையில் மழை கொட்டி யார் பேசுவதும் கேட்காமல் போன நாட்களில்கூட, மழை விடும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். அன்று எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு ஏதோ தெரியும் என்பதுபோல. எனக்கும் ஒன்றும் தெரியாது.

கொல்லிமலைமேல் தேவனூர் நாட்டில் மிளகு பயிரிடுகிறவர்கள் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கம் அது. அதன் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு நான் இருந்தேன். வீடு கீழே சேந்தமங்கலத்தில். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். காலையில் மலை பஸ்ஸைப் பிடித்து மேலே போவேன், கடைசி பஸ்ஸில் இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ரேடியோ பேசும், நான் பேச மாட்டேன். அந்த வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை என்பது எனக்கே பிற்பாடுதான் விளங்கியது.

தலைவரம்மாவும் தனிக்கட்டைதான். கணவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பதாக ஊரில் சொன்னார்கள். அப்பாவின் காரியத்துக்குப் பிறகு அவர் வந்து போய் யாரும் பார்த்ததில்லை. மிளகுத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் அம்மா தனியாக இருந்தார். எளிதில் பழகக்கூடியவர் அல்ல. நலம் விசாரித்தால், "இருக்கறம்ங்க" என்பதோடு வாய் மூடிக்கொள்வார். சரியாகக் காயாத மிளகென்று சொல்லிச் சொந்தக் கொழுந்தனின் மூட்டையையே எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பியவர். அவரை மதிக்காதவர்கள் யாரும் இல்லை. அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிறவர்களும் இல்லை.

சங்கத்துக்குள் கம்ப்யூட்டர் வந்த கதை இப்படி. கீழே சில வியாபாரிகள் வேறு ஊர் மிளகைக் கலந்து கொல்லிமலை மிளகென்று விற்றார்கள். எங்கள் மிளகின் விலை படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் சாப்ட்வேர் வேலையில் இருந்த சில இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து, காசு எதுவும் வாங்காமல், எங்களுக்கு ஒரு ஏற்பாடு செய்து தந்தார்கள். பிளாக்செயின் என்றார்கள். எனக்குப் புரிந்தவரை அது ஒரு பொதுப் பதிவு. ஒரே இடத்தில் இல்லாமல் பல கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் இருப்பதால், ஒருமுறை எழுதியதை அப்புறம் யாரும் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியாது. எந்த மூட்டை யாருடைய தோட்டத்தது, எப்போது காய்ந்தது என்று நான் பதிவேன். பொட்டலத்தின் மேலிருக்கும் குறியைப் போனில் காட்டினால், சென்னையில் வாங்குகிறவரும் அதைப் படிக்கலாம். அதற்குப் பிறகு எங்கள் மிளகு தன் விலைக்கே விற்றது.

அந்த இளைஞர்களின் சார்பில் என்னோடு பேசியவர் ஒருவர்தான். நண்பர்கள் கூப்பிடும் ஏதோ ஒரு சுருக்கப் பெயரைச் சொன்னார். நான் தம்பி என்றே கூப்பிட்டேன். மத்தியானத்தில் கூப்பிடுவார். கீபோர்டில் கை இருக்க வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துக்கொள்வேன். வேலை முடிந்த பிறகும் பேச்சு முடியாது. "அங்க மழைங்களா? கொண்டை ஊசி வளைவுல ரோடு நல்லாருக்குதுங்களா? கொடியில காப்பு எப்படி?" என்று கேட்பார். கடைசியில், வேறெதையோ தேடுகிறவர்போல, "உங்க தலைவர் நல்லாருக்காங்களா?" என்பார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். நானும் பேசுவேன். என் மனைவி வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடி மரமாகிவிட்டதையும், அதில் ஒரு கொத்து ஒடிக்க எனக்குக் கை வராததையும் அவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்த மத்தியானங்களில் தலைவரம்மா முறத்தில் மிளகை எடுத்துக்கொண்டு வருவார். அலுவலக வாசலிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து காம்பு பொறுக்குவார். நான் வெட்டிப்பேச்சுப் பேசுகிறேனா என்று கண்காணிக்கிறார் என்று எனக்குள் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

ஒருநாள் தம்பி கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினார். தென்னிந்தியாவில் இந்தத் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறவர்கள் கோயம்புத்தூரில் கூடி ஒரு மாநாடு நடத்தப் போகிறார்களாம். பெரிய கம்பெனிகளிடம் காசு வாங்கினால் அது அவர்கள் விளம்பரக் கூட்டமாகிவிடும். ஆகவே, தங்கள் வேலையால் பயன்பட்ட சங்கங்களிடமே ஸ்பான்சராக இருக்கக் கேட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"பிளாக்செயின்னாலே சூதாட்டம்னு நெனைக்கறாங்கண்ணா. உங்க சங்கத்துப் பேரு மேடையில இருந்தா, அதுக்கு அதுவே பதில்ங்க. முடியாதுன்னாலும் பரவால்ல. கேக்கோணும்னு தோணுச்சு."

கூட்டத்தில் வைக்கிறேன் என்றேன். போனை வைத்தபோது வாசலில் முறத்தின் சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் யாரும் இல்லை.

கூட்டத்தில் அன்று இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று இந்த மாநாடு. மற்றது மிளகு காயப்போடும் களம். காரை பெயர்ந்து, மழை பெய்தால் அடியில் நீர் ஊறிக் காய்ந்த மிளகும் பூஞ்சை பூத்துப்போகும் நிலையில் அது கிடந்தது. அறுவடைக்குமுன் சரிசெய்தாக வேண்டும். பொது நிதி இரண்டில் ஒன்றுக்குத்தான் தாங்கும். மாநாட்டு விஷயத்தை நான் எடுத்துச் சொல்லி முடித்தபோதுதான் தலைவரம்மா எழுந்து பாயில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகு சொன்னார்: "கேக்கறது எம் பையனுங்க. போன்ல பேசற அந்தத் தம்பி எம் பையந்தான். நான் அந்த நாற்காலியில ஒக்காந்துட்டு இதப் பேசப்படாது. நீங்க பேசி முடிவு பண்ணுங்க."

துணைத் தலைவர் தடுமாறிப்போய்க் கூட்டத்தை நடத்த ஆரம்பித்தார். முதலில் பேசியவர் ஜீப் வைத்திருந்த ஒரு உறுப்பினர். "தலைவரம்மா மேல மரியாதை இருக்குதுங்க. ஆனா நம்ம காசு கோயம்புத்தூர்ல ஏசி ஹால்ல போய் எரியோணுமா? களத்துல தண்ணி நிக்குது. மிளகு பூத்துப்போச்சுன்னா மேடையில பேரு இருந்து என்னத்துக்கு ஆகுது?"

கோபமாக எழுந்தது ஒரு பெண். இளம் வயதில் கணவனை இழந்து, தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர். "ஏனுங்க, அந்தப் புள்ளைங்க நம்மகிட்டே ஒரு பைசா கேட்டாங்களா இத்தனை நாளா? அவங்க போட்டுக் குடுத்ததாலதான நம்ம மிளகு நம்ம பேருல விக்குது? நாளைக்கு அது நின்னுபோச்சுன்னா ஜீப்பு எடுத்துட்டுப் போய் ரிப்பேர் பண்ணிட்டு வருவீங்களா?"

சிரிப்பு எழுந்தது. என் பங்குக்கு நானும் மாநாட்டுக்காகப் பேசினேன். அறிவைக் காசில்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தால் ஒருநாள் அது நம்மை விட்டுப் போய்விடும் என்ற மாதிரி ஏதோ சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நான் சங்கத்துக்காகப் பேசுகிறேனா, மத்தியான நேரத்துக் குரலுக்காகப் பேசுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பேச்சு நீண்டது. பணமாகக் கொடுக்காமல் மிளகாகக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். மண்டபத்துக்காரன் மிளகை வாடகையாக எடுத்துக்கொள்வானா என்றார் இன்னொருவர்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். மாநாட்டுக்குத் தரலாம் என்று தூக்கியவர்கள் குறைவில்லை. வேண்டாம் என்றபோதும் ஏறக்குறைய அதே அளவு கைகள். இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றுவிடும் போலிருந்த நேரத்தில், பாயின் ஓரத்திலிருந்து ஒரு கை வேண்டாம் என்று உயர்ந்தது. அது தலைவரம்மாவின் கை. அந்த ஒரு கையோடு மாநாடு தோற்றது.

கலைந்து போகிறவர்கள் யாரும் அவரிடம் பேசவில்லை. ஜெயித்தவர்களுக்கும் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடம். மகனுக்கு விஷயத்தைச் சொல்லப் போனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேண்டாம்ங்க தம்பி. முடியாதுங்கறத நேர்ல போய்த்தான் சொல்லோணும். அந்த மாநாடு நடக்கற அன்னிக்கு நான் போறேன். எனக்கு அந்த ஊர் தெரியாது. நீங்க கூட வாரீங்களா?"

மாநாட்டு நாளன்று விடிந்ததும் புறப்பட்டோம். பஸ் வளைவு வளைவாக இறங்கியது. அடிவாரத்துக் காரவள்ளி வந்து சமதரை தொட்டதும், நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"அவங்கப்பன் சாவுக்கு லேட்டா வந்தான்ங்க. லீவு கெடைக்கலையோ, பஸ்சு கெடைக்கலையோ. வாசல்ல கால் வெக்கறான், அத்தனை சனத்துக்கு முன்னால, 'வேலையெல்லாம் முடிஞ்சுதா சாமி'ன்னு கேட்டுப்போட்டேன். அவ்வளவுதான்ங்க கேட்டது. காரியம் முடிச்சுட்டுப் போனவன், போனவந்தான்."

"போன்ல அவர்தான்னு எப்பத் தெரிஞ்சதுங்கம்மா?"

"மொத நாளே. கொரல் தெரியாதுங்களா? நான் கேக்கறேன்னு தெரிஞ்சா பேச்ச நிறுத்திப்போடுவானோன்னு சும்மா ஒக்காந்திருந்தேன்."

அந்தப் பெஞ்சை நினைத்துக்கொண்டேன். அவர் அங்கே வந்தது என்னைக் கண்காணிக்க அல்ல. ஒரு மேசை தள்ளி, தன் மகன் தன்னைப் பற்றி இன்னொருவனிடம் விசாரிப்பதைக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல், மிளகுக் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நல்லா இருக்காங்க தம்பி, நல்லா இருக்காங்க என்று.

அப்படியிருந்தும் ஏன் வேண்டாமென்று கை தூக்கினீர்கள் என்று கேட்டேன். "களந்தான் மொதல்லன்னு பட்டுச்சுங்க. எம் மகன்னதும் அது மாறிருமுங்களா?" என்றார்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அரங்கம். கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர்கள் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண் எந்தக் கம்பெனி என்று கேட்டாள். "தேவனூர் நாடு" என்றார் தலைவரம்மா. அவள் அப்படியே எழுதி அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

மகன் தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு எதிரே வந்தார். நான் முகம் பார்த்தது அன்றுதான். அம்மாவைப் பார்த்ததும் பெட்டியோடு நின்றுவிட்டார். அம்மா நேராகப் போய், பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்தவர்போலச் சொன்னார்.

"சங்கத்துல முடியாதுன்னுட்டாங்க சாமி. நானும் வேண்டாம்னுதான் கை தூக்கினேன். போன்ல சொல்றது மரியாதை இல்லைன்னு வந்தேன்."

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?"

"ஆமா."

அவர் பெட்டியைக் கீழே இறக்கினார். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். "களத்துக்குக் காரை போடறாங்களாம்மா?"

"போடறாங்க."

"நல்லது." உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டடி போய்த் திரும்பினார். "இரும்மா. போயிராத."

அம்மா இருந்தார். கடைசி வரிசையில், முதுகு சாயாமல், புரியாத பேச்சுகளையெல்லாம் கேட்டுக்கொண்டு மாலைவரை இருந்தார். மகன் மேடையேறி எங்கள் மிளகுப் பொட்டலத்தைத் திரையில் காட்டிப் பேசியபோது, "என்ன சொல்றான்?" என்று என் காதில் கேட்டார். "நம்மளப் பத்தித்தாங்கம்மா" என்றேன். தலையாட்டிக்கொண்டார். மத்தியானம் மகன் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார நேரமில்லாமல் ஓடினார். ஸ்பான்சர்கள் குறைந்ததால் எல்லா வேலையையும் அவர்களே பார்க்கவேண்டியிருந்தது.

மகன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழியனுப்பினார். அம்மா படியில் ஏறி நின்று, "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கப்படாது" என்றார். மகன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ் கெளம்புதும்மா, உள்ள போ" என்றார். சொன்னவர், பஸ் திரும்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே கூட நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு அவர் அம்மாவின் போனுக்கே கூப்பிட ஆரம்பித்தார். நடக்கவேண்டியது நடந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அலுவலகப் போன் மத்தியானங்களில் அடிக்காமல் போனது. சங்கத்து வேலையை அந்தக் குழுவில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவர் கெட்டிக்காரர், எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பிவிடுவார், பேச அவசியமே வராது. தலைவரம்மா வாசலுக்கு வருவதும் நின்றது. ஒரு தாயும் மகனும் பேசிக்கொள்வதற்குத் தடம்போல இருந்திருக்கிறேன். அவர்கள் நேரே பேசிக்கொண்டதும் தடத்தில் ஆள் நடமாட்டம் ஓய்ந்துவிட்டது. யாரிடம் இதைக் குறையாகச் சொல்ல முடியும்? மலையிலேயே படித்த ஒரு பெண்ணுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் சேர்ந்துகொண்டேன்.

சில வருடங்கள் ஓடி, மகனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். போன தை மாதம் மனசு கேட்காமல் மேலே போனேன். தலைவரம்மா வீட்டு வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பேரக் குழந்தை திரையில் ஏதோ மழலையில் சொல்ல, இவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்ததும் கையால் உட்காரச் சொன்னார். முக்காலியில் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டே அவர் உள்ளே போனார். பேச்சு நீண்டுகொண்டே போனது. மகனின் குரலும் கேட்டது, இப்போது கொஞ்சம் தடித்த குரல். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குறுக்கே புகுந்து விடைபெற மனம் வராமல், வேலிப்படலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து பஸ் ஏறினேன்.

வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

"ஏனுங்க தம்பி, டீ போட்டு எடுத்துட்டு வந்து பாத்தா ஆளக் காணோம். எங்க போனீங்க? அவனும் உங்ககிட்டப் பேசோணும்னு சொல்லி..."

அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது. "வாரேங்கம்மா, அடுத்த வாரம் வாரேன்" என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதா தெரியாது. பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காரவள்ளி வந்து சிக்னல் திரும்பும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.