குளிர் மெஷினுக்கு மார்க்

எழுபதுகளில் திருவள்ளூரிலிருந்து பஸ் ஏறி, பெரியபாளையம் வழியாகக் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மருந்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தேன். கோயில் கைங்கரியத்தில் இருந்த அப்பாவுக்கு இதில் முழுச் சம்மதமில்லை. ஆனாலும் தினமும் காலையில் வந்து பஸ் ஏற்றிவிட்டவர் அவர்தான்.

கேப்சூல் அடைக்கும் அறையில் வெயில் நாளில் கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் ஏ.சி. வாங்க முடிவானது. இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு மெஷினை ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தன. எது மேல் என்று மார்க் போடும் வேலை எனக்கு வந்தது. அறையின் மூலைகளில் தெர்மாமீட்டர் மாட்டினேன். இன்னொன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றி, காற்றிலுள்ள ஈரத்தையும் கணக்கிட்டேன். கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரைப் பார்த்தேன்.

"அங்க உக்காந்து வேலை செய்யறவங்களையும் கேளும்மா. பத்துக்கு எத்தனைன்னு அவங்களும் சொல்லட்டும்" என்றார் மேனேஜர். அதிலிருந்து அந்த அறைப் பெண்களுக்கு நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

முதல் மெஷின் சாது. சத்தமே போடாது, ஆனால் உச்சிவெயிலில் திணறும். இரண்டாவது வந்ததுமே அறை குளிர்ந்துவிட்டது. தெர்மாமீட்டர்கள் எல்லாம் அதன் கட்சி. பெண்களும் பத்து பத்தாக அள்ளிக் கொடுத்தார்கள். பெரியபாளையத்திலிருந்து வரும் அக்கா ஒருத்தி மட்டும், "முட்டை போடு" என்றாள்.

"என்னக்கா, நல்லா ஜில்லுனுதானே இருக்கு?"

"ஜில்லுனுதான் கீது. நீ முட்டையே போடு."

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாயடியில் என்னைத் தனியாகப் பிடித்தாள். "எம் பக்கத்துல குந்திக்கினு கீதே, அதுக்குக் காது மந்தம் டீச்சரு. நான் பேசிக்கினே இருந்தாதான் அதுக்குப் பொழுது போவும். இந்த மெஷின் போடுற சத்தத்துல அதுக்கு ஒண்ணும் கேக்கல. பொம்மையாட்டம் குந்திக்கினு கீது. பாக்கவே பேஜாரா கீது. சார்கிட்ட மட்டும் சொல்லிடாத. காது கேக்காதுன்னு தெரிஞ்சா வேலைய உட்டு அனுப்பிடுவாங்கன்னு பயந்து சாவுது."

பக்கத்து ஸ்டூல்காரி ஆரம்பாக்கத்துப் பக்கத்துப் பெண். அவள் என்னிடம் பத்துக்குப் பத்து சொல்லியிருந்தாள்.

பிற்பகலில் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். அக்கா ஞாயிற்றுக்கிழமை பார்த்த சினிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவள் வாயைப் பார்ப்பதும் கேப்சூலைக் குனிந்து பார்ப்பதுமாகத் தவித்தாள். கதையில் தாய் செத்துப்போன இடத்தில் அவள் சிரித்தாள். அக்கா முகம் மாறியது. அதற்கு மேல் கதை சொல்லவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பெண் பயப்படுகிறபோது நான் எப்படிச் சொல்வது? "சார், அந்தச் சத்தத்துல எனக்குத் தலை வலிக்குது. எழுதறதையெல்லாம் தப்பா எழுதறேன்" என்றேன். அது பாதிக்குமேல் பொய்.

"கேப்சூலுக்குத் தலை இல்லையேம்மா" என்று சிரித்தவர், மெஷின் கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்தார். வந்தவர் ஜன்னல் சட்டத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மரம் தளர்ந்து மெஷினோடு சேர்ந்து ஆடுகிறது என்றார். ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, வெட்டி, மெஷினுக்கு அடியிலும் பக்கங்களிலும் செருகி, சட்டத்தை இறுக்கினார். சத்தம் போய்விடவில்லை, தணிந்தது. பேச்சு காதில் விழுந்தது.

எல்லோரிடமும் மறுபடி மார்க் கேட்டேன். அக்கா யோசித்து, "ஆறு" என்றாள்.

"மீதி நாலு எங்கக்கா?"

"குளுருதே டீச்சரு! வெரலெல்லாம் வெறைக்குது."

ஆரம்பாக்கத்துப் பெண் என்னைப் பார்த்து, நான் கேட்கும் முன்பே, முதல் முறையாகத் தானே வாய் திறந்தாள். "எனக்கும் ஆறே போடுக்கா."

அந்த மெஷினையே வாங்கினார்கள். கேப்சூலுக்காகக் குளிரைக் குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சில நாள் கழித்து அந்த அறைக்குள் போனபோது, இருவரும் ஸ்டூல்களை நெருக்கிப் போட்டுக்கொண்டு, ஒரே கம்பளியை இரண்டு மடியிலும் சேர்த்து விரித்திருந்தார்கள். அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. தெர்மாமீட்டரைப் பார்க்காமலே கதவைச் சாத்திக்கொண்டு திரும்பிவிட்டேன்.