முதல் வரியிலிருந்து பிறந்த பிள்ளைகள்

அலுவலகத்தில் அவருக்கு 'கெர்னல்' என்று பட்டம். கணினி இயங்குதளத்தின் மையப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர்; அதோடு ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்போலப் பேசுவதால் வந்தது. இருபது வருஷ அனுபவத்தில் அதன் உள்விவகாரம் எல்லாம் அத்துப்படி. தெரியாத விஷயத்தையும் அதே தெம்போடு சொல்வார் என்பது கூடுதல் சிறப்பு.

குழுத் தலைவர் பதவி காலியாகியிருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கான புது நிரல் வெள்ளிக்கிழமை மேலாளர் முன்னால் ஓடினால் பதவி அவருக்கு. மாமனார் வீடுவரை சொல்லியாகிவிட்டது.

நிரல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில். அது விளையாட்டுச் சாமான் என்பது அவர் கருத்து. விளையாட்டுச் சாமானுக்கு யாராவது கையேடு படிப்பார்களா? நோயாளிகளின் பட்டியலை நினைவகத்தில் ஏற்றினார், அறிக்கை அச்சடிக்க ஒரு பிள்ளை நிரலைப் பெறுவதற்காக அடுத்த வரியில் ஃபோர்க் கட்டளை போட்டார். இயங்குதளத்தின் ஃபோர்க், ஓடும் நிரலை அப்படியே நகலெடுக்கும். அப்பன் கையில் இருந்ததெல்லாம் பிள்ளை கையிலும் இருக்கும். அப்பன் நின்ற இடத்திலிருந்தே பிள்ளை நடக்கும். இங்கேயும் அதுவே என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

குழுவில் நிரல்களைச் சோதனை பார்க்கும் பெண் முந்தின நாளே தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், இங்க பிள்ளை வெறுங்கையோட முதல் வரியிலேர்ந்து ஆரம்பிக்கும். பட்டியலை நாமதான் செய்தியா அனுப்பணும். பிள்ளைக்குத் தனிக் கோப்பும் வேணும்."

"ஃபோர்க்னா ஃபோர்க்தாம்மா. நான் இதைப் போட ஆரம்பிச்சப்ப நீ எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டிருந்தே."

வெள்ளிக்கிழமை காலை, புதுச் சட்டையோடு வந்து விசையைத் தட்டினார். பிள்ளை பிறந்தது. பட்டியலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சமர்த்தாக முதல் வரியிலிருந்து ஓடி, ஃபோர்க் வரி வந்ததும் தானும் ஒன்றைப் பெற்றது. அது இன்னொன்றை. ஒரு நிமிஷத்தில் நூறு தலைமுறை தாண்டிவிட்டது. அறிக்கை அச்சடிக்கும் வேலைக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. கணினியின் விசிறி இரைந்தது, திரை உறைந்தது.

"உங்க குடும்பம் ரொம்பப் பெருசுங்க," என்றார் மேலாளர்.

அந்தப் பெண் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டாள். பிள்ளையின் வேலையைத் தனிக் கோப்பில் எழுதி, பட்டியலைச் செய்தியாக அனுப்பினாள். சாப்பாட்டு நேரத்துக்குள் அறிக்கைகள் வந்தன. பதவியும் அவளுக்கே போயிற்று.

சாயங்காலம் மாமனார் போன் செய்து, பதவி என்னாச்சு என்றார். ஃபோர்க் என்று பெயர் வைத்துக்கொண்டு புது நிரலைத் தொடங்குவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று அரைமணி நேரம் விளக்கினார் கெர்னல். மாமனார் பொறுமையாகக் கேட்டார்.

"சரி மாப்பிள்ளை, கிடைக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"