கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

திருக்காட்டுப்பள்ளியில் ஆற்றை ஒட்டிய முதியோர் இல்லத்தில் ஃபிளோரா நர்ஸ். அங்கே டயாலிசிஸ் செய்துகொள்பவர் பஞ்சநதம் ஒருவர்தான். வாரம் மூன்று நாள் வேன் அவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும். அந்தக் காலைகளில் அவருக்கு பிரஷர் மாத்திரை கிடையாது. மெஷினில் ரத்தம் ஓடும்போது பிரஷர் தானாகவே இறங்கும். மாத்திரையும் சேர்ந்தால் ஆளே சரிந்துவிடுவார். அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள் ஃபிளோரா.

ஆடிக் கடைசியில் வேன் சீக்கிரமே திரும்ப ஆரம்பித்தது.

"பிரஷர் இறங்கிடுச்சாம். பாதியிலயே நிறுத்திட்டாங்க" என்றார் டிரைவர் நெய்னா முகம்மது.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். பஞ்சநதத்தின் கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஃபிளோராவைப் பயமுறுத்தியது அதுதான்.

தஞ்சாவூர் டாக்டர் மாத்திரையைக் குறைத்துப் பார்த்தார். பலனில்லை. இரவு மாத்திரை போட்டவருக்கு விடியும்போது பிரஷர் ஏன் எகிறியிருக்கிறது? மெஷினில் படுத்ததும் ஏன் சரிகிறது?

ஒரு காலை, வேன் வருமுன் போர்வையை மடிக்கப் போனவள், அவர் வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்தாள். கையைப் பிடித்தாள். எச்சிலில் ஊறிய மாத்திரை.

"என்னங்க ஐயா இது?"

"ராத்திரி கன்னத்துல ஒதுக்கி வச்சுக்குவேன் சிஸ்டர். காலையில போட்டுக்கிட்டா அங்க சீக்கிரம் அவுத்து விட்டுடுறாங்க. நாலு மணி நேரம் என்னால முடியல."

"வெளியேத்த வேண்டிய தண்ணியெல்லாம் உடம்புலயே நிக்குதுங்க. நெஞ்சுல ஏறிடும்."

"ஏறட்டுமே" என்றார், குரல் உயராமல்.

அன்று அவளும் வேனில் ஏறினாள். முழு நேரமும் மெஷின் ஓடியது. அவர் விட்டத்தையே பார்த்தபடி கிடந்தார். டாக்டரிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராகவே கேட்டார்: "நிறுத்திடணும்னு நினைக்கிறீங்களா?"

பஞ்சநதம் அவர் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "இதை ஒருத்தரும் கேக்கல இதுவரைக்கும்" என்றார். "போதுங்க."

துபாயிலிருந்த மகன் சதீஷ் போனில் கத்தினான், அழுதான், கிளம்பி வந்தான். அப்பாவின் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். பஞ்சநதம் மனம் மாறவில்லை.

வேன் வருவது நின்றது. மூச்சிரைப்புக்கு மருந்து எழுதித் தந்தார் டாக்டர். ஒவ்வொரு வேளையும் அதைக் கொண்டுபோய், பழையபடி பக்கத்திலேயே நின்றாள் ஃபிளோரா. அவரோ கேட்காமலே வாயைத் திறந்தார், விழுங்கினார். ஆவணிக் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், மருந்துக் கிண்ணத்தோடு அவள் அறைக்குள் நுழைந்தபோது, அப்பாவின் இமைகளை மூடிவிட்டு, இனி வேண்டாமென்று சதீஷ் தலையசைத்தான்.