மாமனார் லாரிக்குப் புனலூர் கியர்பாக்ஸ்

எங்கள் வீட்டில் அதை லாரி என்றுதான் சொல்வோம். லாரி என்று சொல்ல அதில் பாதிகூடக் கிடையாது. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஏறித் திரிந்த அமெரிக்கக் கார் அது. அவர் சீமைக்குக் கிளம்பியபோது என் மாமனார் அதை வாங்கி, பின் சீட்டு இருந்த பாதியை வெட்டி எடுத்துவிட்டு, வேங்கைப் பலகையில் ஒரு தொட்டி கட்டினார். முன்னால் நின்று பார்த்தால் துரை வீட்டுக் கார், பின்னால் நின்று பார்த்தால் மாட்டுவண்டி. தென்காசியில் எங்கள் அரிசிக்கடையிலிருந்து குற்றாலத்து விடுதிகளுக்கு அரிசி மூட்டையும் விறகும் எண்ணெய் டின்னும் அதில்தான் போய்க்கொண்டிருந்தன.

மாமனார் காலமானபோது யுத்தம் தொடங்கியிருந்தது. அவர் போன மூன்றாம் மாதம் வண்டியின் கியர்பாக்ஸும் போயிற்று. பற்கள் உடைந்து, எந்தக் கியர் போட்டாலும் கரகரவென்று அரைத்ததே தவிர சக்கரம் அசையவில்லை. கப்பலில் சாமான் வராத காலம். கடைக்குப் பின்னால் புளியமரத்தடியில் தள்ளி நிறுத்தினார்கள். அதன் சீட்டில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட ஆரம்பித்தது.

நான் அந்த வீட்டு மருமகன். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். பருத்தி ஆலையில் ஆயில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். யுத்தத்தில் ஆலை பாதி நாள் மூடிக் கிடக்கவே, மனைவியோடு தென்காசிக்கு வந்து அவள் பிறந்த வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனசு ஆறியிருக்கும். சொல்லாததால் மறுசோறு போட வரும்போதெல்லாம் இலைக்கு மேல் கையை மறித்துக்கொள்ளப் பழகினேன்.

கடை என் மனைவியின் அண்ணன் கையில் இருந்தது. நல்ல மனிதர், ஆனால் பேச்சில் தேன் தடவத் தெரியாதவர். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னார்.

“மாப்பிள்ள, அந்த வண்டிய இரும்புக்காரன் கேக்கான். யுத்தத்துல பழைய இரும்புக்குக் கிராக்கி. குடுத்திரலாம்னு இருக்கேன்.”

அடுக்களை நிலையைப் பிடித்தபடி என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. அவள் அப்பா குற்றாலத்திலிருந்து திரும்பும்போது தெருமுனையில் கியரைக் குறைப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் இலை போடுவாள். அவர் கை கால் கழுவி வந்து உட்காரும்போது இலையில் சோறு ஆவி பறக்கும். அப்பா போன துக்கத்தைக்கூட அவள் அழுது தீர்த்துவிட்டாள். அந்தச் சத்தம் போனதற்குத்தான் அவளுக்கு ஆறுதல் இல்லை. எனக்கு அது தெரியும். அதனால்தான் வாயைக் கொடுத்தேன்.

“நான் சரிபண்ணித் தாரேன் மச்சான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆயில் எஞ்சின் பாத்தவுகளுக்கு இது ஓடுமா? சரி, சாரல் விழுந்த மொத நாள் வண்டி குத்தாலம் போயிரணும். போகலைன்னா மறுநாள் இரும்புக்காரன் வந்துருவான். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய.”

அப்போது மாசி மாதம். ஆனியில் சாரல்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கியர்பாக்ஸுக்காக வண்டியைப் பிரித்தேன். எஞ்சினுக்குள் கரி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அதைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தேன். ரேடியேட்டர் ஏழு இடத்தில் ஒழுகியது. ஈயம் வைத்து அடைத்தேன், எட்டாவது இடத்தில் ஒழுகியது. தொட்டிப் பலகையில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. டயர் கிடைக்காததால் பழைய டயரை வெட்டி உள்ளே ஒட்டுப் போட்டேன். இதெல்லாம் என் கைக்குப் பழகிய வேலை. மண்ணெண்ணெய் நாற்றத்தோடு சாப்பிட உட்கார்ந்தபோது, அந்த வீட்டில் முதல்முறையாக மறுசோறு கேட்டு வாங்கித் தின்றேன். அந்த நான்கு மாதத்தைப்போலச் சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

கியர்பாக்ஸ் மட்டும் எங்கும் அகப்படவில்லை. கடைசியில் புனலூரில் ஒரு பட்டறையில் இருப்பதாகத் தெரிந்தது. மலைப்பாதையில் உருண்ட ஒரு தோட்டத்து லாரியினுடையது. வண்டி நொறுங்கிவிட்டது, பெட்டி தப்பிவிட்டது. புனலூர் அன்றைக்குத் திருவிதாங்கூர் ராஜ்யம், பேச்சு மலையாளம். மாமனார் தென்காசியில் கடை போடும் முன் குடும்பம் செங்கோட்டையில் இருந்தது, என் மனைவியும் அவள் அண்ணனும் அங்கேதான் பிறந்து வளர்ந்தவர்கள். அதுவும் அப்போது திருவிதாங்கூர்தான். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள்.

“நானும் கூட வாரேன், என்ன சொல்லுதாகன்னு கேட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

பட்டறைக்குப் பெண்டாட்டியைத் துணைக்குக் கூட்டிப்போவதாவது! “தமிழை மூக்கால பேசுனா மலையாளம். எனக்குப் புரியும்” என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

புனலூர் மேஸ்திரி வயசானவர், பொறுமைசாலி. பெட்டியின் மூடியைத் திறந்து ஒவ்வொரு பல்லையும் காட்டினார். துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்புக் கிரீஸ் அப்பியிருந்தது. மூடியை முறுக்கி, சாக்கில் சுற்றி, சணல் போட்டுக் கட்டிய பிறகு, ஒரு விரலை உயர்த்திச் சொன்னார்: “ஆயில் பின்னே ஒழிச்சால் மதி.”

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை.

திரும்பும்போது ரயிலில் அந்த வாக்கியத்தை மனசுக்குள் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். ஆயில் தெரியும். பின்னே என்றால் பின்னால். மதி என்றால் போதும், அது யாருக்கும் தெரியும். ஒழிப்பது என்றால் காலி பண்ணுவது. எங்கள் வீட்டில் தினமும் “பாத்திரத்த ஒழிச்சுப் போடு” என்று சொல்வதுதானே. ஆக, பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பல்சக்கரக் குண்டில் பழைய எண்ணெய் இருக்கிறதே, அதைக் காலி பண்ணினால் போதும் என்கிறார். கியர்பாக்ஸில்தான் கறுப்பாக அப்பியிருக்கிறதே, அது தண்டு வழியாக மெல்லப் பின்னால் இறங்கும். ஆயில் எஞ்சினில் ஒரே கிண்ணத்திலிருந்து குழாய் வழியாக எல்லா இடத்துக்கும் எண்ணெய் போவதை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். எனக்கு அது ரொம்பவும் நியாயமாகப் பட்டது. அரைகுறை அறிவுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

புதுப் பெட்டி பழையதைவிட நான்கு விரல் நீளம். பின்னால் போகும் தண்டை அந்த அளவுக்கு வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. எஞ்சினோடு பொருத்தும் துளைகளில் மூன்று சேர்ந்தன, நாலாவது சேரமாட்டேன் என்றது. கொல்லாசாரி ஒருவர் இரும்புத் தகடு ஒன்று அடித்துக் கொடுக்க, அதை நடுவில் வைத்து முடுக்கினேன். கடைசியாக வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, பின் குண்டின் திருகைக் கழற்றி, இருந்த எண்ணெயை ஒரு சட்டியில் சொட்டு மிச்சமில்லாமல் ஒழித்தேன்.

முதல் சாரல் ஒரு வியாழக்கிழமை காலையில் விழுந்தது. மலை தெரியவில்லை. காற்று நனைந்து வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள் என் மனைவி. எஞ்சின் பிடித்துக்கொண்டதும், கதவின் மேல் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வை உணர்ந்தபடி வண்டி நகரும்வரை எடுக்காமல் நின்றாள். கண் நிறைந்திருந்தது. தொட்டியில் ஆறு மூட்டை அரிசி, எண்ணெய்க் குளியல் தேய்த்துவிடுகிறவர்களுக்காக நான்கு டின் நல்லெண்ணெய். என் பக்கத்தில் மைத்துனர், மடியில் குடையோடு.

தெருவைத் தாண்டும் முன்பே பெட்டி ஊளையிட ஆரம்பித்தது.

“என்ன மாப்பிள்ள சத்தம்?”

“புதுசு மச்சான், அப்படித்தான் இருக்கும்.”

மேலகரம் வரும்போது ஊளை அலறலாயிற்று. காலடிப் பலகை சுட்டது. சுட்ட இரும்பு வாடை வந்தது. கியரைக் குறைக்கப் பார்த்தேன், கம்பி இறுகிக்கொண்டு அசையவில்லை. வண்டி ஒரு தடவை குலுங்கி, ரோட்டுக்கு நடுவில் நின்றுவிட்டது. மைத்துனர் இறங்கிக் குடையை விரித்துத் தென்காசியைப் பார்த்து நடந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அருவிக்குப் போகிற கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. தோளில் துண்டு போட்ட ஒருத்தர் நின்று கேட்டார், “என்ன அண்ணாச்சி, வண்டி குளிக்க வரமாட்டேங்குதோ?” இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்து புளியமரத்தடியில் சேர்த்தபோது மணி மூன்று. மூடியைத் திறந்தேன். கிரீஸ் கருகி ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. பற்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. உள்ளே எண்ணெய் என்று ஒரு சொட்டு இல்லை.

என் மனைவி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். “மேஸ்திரி என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

சொன்னேன்.

“நீங்க என்னன்னு எடுத்துக்கிட்டிய?”

அதையும் சொன்னேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். “ஒழிக்கதுன்னா அங்க ஊத்துறது. பின்னேன்னா பொறவு. பெட்டிய மாட்டுன பொறவு எண்ணெய ஊத்துனாப் போதும்னு சொல்லியிருக்காரு மனுசன். நீங்க இருந்ததையும் எடுத்துட்டியளே!” தோள் குலுங்கியது. “பின்னால நாலு டின் நல்லெண்ணெய் இருந்துச்சுல்லா, அது போதும்னு நெனச்சியளோ?” சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பார்த்தால் அவள் சிரிக்கவில்லை. முந்தானை கண்ணுக்குப் போயிருந்தது.

அந்த நேரத்தில் மைத்துனர் உள்ளேயிருந்து வந்தார். பெட்டிக்குள் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார்.

“எண்ணெயே விடாம வண்டிய எடுத்திருக்கிய. தொழில் தெரியாதவுக கையில எங்கப்பா வண்டியக் குடுத்தது என் தப்புதான். நாளைக்குக் காலையில இரும்புக்காரன வரச் சொல்லுதேன்.”

“அண்ணே,” என்றாள் என் மனைவி. “அவுகளச் சொல்லாத. மேஸ்திரி சொன்னத அவுக வந்து எங்கிட்டத்தான் அர்த்தம் கேட்டாக. ஒழிக்கதுன்னா காலி பண்ணுறதுன்னு நாந்தான் சொன்னேன். அவுக வேலையில ஒரு குத்தமும் இல்ல.”

“நீயா சொன்ன?”

“ஆமா.”

“செங்கோட்டைப் பள்ளிக்கூடத்துல படிச்சவ நீ. அடுக்களையில தண்ணி ஒழின்னு எத்தன தடவ சொல்லியிருக்க?”

“மறந்து போச்சுண்ணே. கல்யாணமாகி ஏழு வருசம் கரிசக்காட்டுல கெடந்தேம்லா.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம். இல்லை மச்சான், அவள் சொல்லவில்லை, நான்தான் வீறாப்பாய் அவளை விட்டுவிட்டுப் போனேன் என்று அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தரையைப் பார்த்தபடி நின்றேன்.

“சரி,” என்றார் அவர். “சாரல் முடியுற வரைக்கும் பாப்போம்.”

மறுவாரம் அவளைக் கூட்டிக்கொண்டு புனலூர் போனேன். அவள் சொல்லச் சொல்ல மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்டுப்போன பற்சக்கரங்களுக்கு மாற்று எடுத்துக் கொடுத்து, எண்ணெயை எங்கே, எவ்வளவு என்று அவளிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். ஆடி நடுவில் வண்டி குற்றாலம் போயிற்று, ஊளை இல்லாமல். அவள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, சாரலில் நனைந்துகொண்டே இரண்டு பேரும் அரிசி மூட்டை இறக்கினோம். அந்த வண்டி அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. எங்களுக்கென்று தனி வீடு வந்தது அந்த வண்டியால்தான்.

ஆனால் கதை வேறு மாதிரி ஓடியது. கல்யாணம், சடங்கு என்று எங்கே சொந்தக்காரர்கள் கூடினாலும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள், “அத்தை மலையாளம் பேசி வண்டிய அவிச்ச கதை தெரியுமா?” என்று. அவள் தண்ணீர் கேட்டால் பிள்ளைகள், “ஒழிக்கணுமா, ஊத்தணுமா?” என்று கேலி பண்ணும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் அண்ணன் மட்டும் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. யாராவது ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு தடவை அவளிடம் கேட்டேன், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று.

“அன்னைக்குச் சொல்லியிருந்தா வண்டி போயிருக்கும். இன்னைக்குச் சொன்னா உங்க மரியாத போகும். எனக்கு என்ன வந்துச்சு, விடுங்க” என்றாள்.

நான் விட்டுவிட்டேன். விடு என்றதும் அவ்வளவு சுலபமாக விட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அவள் போய்ப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அழுது ஓய்ந்த வீடு. மனசு கொஞ்சம் லேசாகட்டும் என்று மைத்துனரின் மகள் அந்தக் கதையை எடுத்தாள். மேலகரத்து ரோடு, குடை, மாடு, கடைசியில் “அத்தைக்கு மலையாளம் மறந்துபோச்சாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள். அது அவள் செய்ததில்லை, நான் செய்தது என்று சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு இனிமேல் கிடைக்காது. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.