தேன்பாறைக்கு வந்த கெட்ட பெயர்

வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், ஒரு பெரிய பாறைக்கு எதிர்த் திருப்பத்தில் நான் டீக்கடை வைத்திருந்தேன். அந்தப் பாறையை மலைக்காரர்கள் தேன்பாறை என்பார்கள். சின்னசேலம் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே செத்துப்போனாள்; விரும்பியவனுக்குக் கட்டிவைக்க வீட்டார் மறுத்திருந்தார்கள். அடுத்தடுத்து இன்னும் சிலர். அதன்பின் சாவுப்பாறை என்றே பெயராகிவிட்டது. ஜீப்காரர்கள் வண்டியை நிறுத்தி, "பாறையில மோகினி குந்திகினு கூப்புடுதுங்க" என்று ஊர் சுற்ற வந்தவர்களுக்குக் காட்டுவார்கள். அவர்களும் படம் எடுத்துக்கொண்டு, என்னிடமே டீ கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மதியம் இளம்பெண் ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் பை இல்லை. நான் கொடுத்த டீ ஆடை கட்டிப்போயிற்று, அவள் தொடவில்லை.

"எங்கம்மா போவணும்?"

"எங்கியும் இல்லக்கா."

பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். "சாவலாம்னு வந்தியா?"

உடைந்து அழுதாள். குழந்தை இல்லை என்று புருஷன் அடிக்கிறானாம். மாமியார் சோற்றுத் தட்டைப் பிடுங்கிவிடுகிறாளாம். அம்மா வீட்டுக்குப் போனால், அனுசரித்துப் போ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். முழுக்கக் கேட்டேன். பிடித்த அவள் கையை மட்டும் விடவில்லை. தியாகதுருகத்தில் அக்கா இருக்கிறாள் என்றாள். போன் போட்டோம். பொழுது சாய்வதற்குள் அக்கா வந்து, தங்கையைக் கட்டிப்பிடித்தபடியே பஸ் ஏற்றிப் போனாள்.

மறுநாள், விஷயம் கேள்விப்பட்டு அவள் புருஷன் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு கடைக்கு வந்தான்.

"அந்தப் பாறைதான் அவள இஸ்துகினு வந்துருக்கு. பரிகாரம் பண்ணணும்" என்றார் பெரியவர்.

"பாறை இன்னா இவன் வூட்டுக்கு வந்து இட்டுகினு வந்துச்சா? அடிச்சது பாறையா? சோத்தப் புடுங்குனது பாறையா?"

"பொம்பள ஜாஸ்தி பேசாத" என்றான் அவன். கரண்டியும் கையுமாக நான் எழுந்து நின்றதும் இருவரும் கிளம்பினார்கள்.

சொன்னபடியே பாறையடியில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். அந்தப் பெண் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. பிரசாதம் என்று எனக்கும் கறி வந்தது. தூக்குவாளியை அப்படியே திருப்பி அனுப்பினேன்.

அவள் புருஷனிடம் திரும்பவில்லை. அக்கா வீட்டில் இருந்துகொண்டு இப்போது துணி தைக்கிறாள்.