ஏற்றிய கற்பூரத்தை அணைத்தேன்

எங்களுடையது பெட்ரோலில் ஓடும் பழைய சின்ன லாரி. மாகறலிலிருந்து காஞ்சிபுரம் கல்யாண மண்டபங்களுக்கு அதில்தான் வாழையிலை ஏற்றிப் போகிறோம். சமீபத்தில் அதன் பெட்ரோல் பம்பு பழுதானது. மெக்கானிக், புது மாடல் காருக்கான மின்சார பம்பு ஒன்றை மாட்டினார். "பிரஷர் ஜாஸ்திக்கா. வண்டி பறக்கும் பாரு" என்றார்.

சாவியைத் திருப்பியதும் பம்பு ஓடியது, என்ஜின் பிடிக்கவில்லை. "பூஜை போடல இல்ல, அதான்" என்று சிரித்த என் கணவர், பம்பை நிறுத்தாமலே இறங்கிவந்து வண்டியின் முன்னால் கற்பூரம் ஏற்றினார். எனக்குப் பெட்ரோல் நெடி அடித்தது. குனிந்து பார்த்தேன். புது பம்பின் அழுத்தம் தாங்காமல், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, தரையில் ஓடிய பெட்ரோல் கற்பூரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக் கற்பூரத்தின் மேல் போட்டேன்.

"இன்னாடி பண்ற? ஏத்தின கற்பூரத்த அணைச்சா வெளங்குமா?"

"வண்டி எரிஞ்சா மட்டும் வெளங்குமா? சாவிய எடுய்யா மொதல்ல!"

மெக்கானிக் பேனட்டைத் திறந்து, வழிந்த பெட்ரோலைத் துடைத்தார். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும், அளவு காட்டும் மீட்டரும் மாட்டிய பிறகே வண்டியை எடுக்கவிட்டேன்.

இன்றும் டயர் பஞ்சரானால்கூட அந்தக் கற்பூரத்தைத்தான் காரணம் சொல்கிறார் மாமியார். சொல்லட்டும். இப்போது ரிப்பேர் முடிந்ததும் பம்பை ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்து, கார்புரேட்டரைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று நானே தடவிப் பார்க்கிறேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கட்டும், தடையில்லை. என் வண்டியருகே யார் கற்பூரம் ஏற்றினாலும், மறுபடியும் மண்ணள்ளிப் போடுவேன்.