ஸ்கேலை இறக்கிய கர்த்தர்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல, டெய்லர். டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பைக் கழுத்தில் சுற்றியவர் நிறுத்திவிட்டு, “தீதி, யஹாங் ஸூஜன் ஹை. டாக்டர் கோ திகாயியே” என்றார். வீக்கம் இருக்கிறதாம், டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். பாடுகிறவர்களுக்குக் கழுத்து கொஞ்சம் தடித்துத்தான் இருக்கும் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். பிரியமானவர்களே, அப்படிப்பட்ட பிடிவாதக்காரிதான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன்.

என் பெயர் கிரேஸ். கணவர் செல்வின் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். மகள் ஜெமிமா கல்லூரியிலும் மகன் சாம் பள்ளியிலும் படிக்கிறார்கள். பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் வாசிக்க வராது. பாட்டை ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரு சொல் பிசகாமல் பாடிவிடுவார்கள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்ததுதான் எங்கள் பாடகர் குழு. கல்யாணம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை எதுவானாலும் கூப்பிடுவார்கள். ஃபரீதாபாத், நொய்டா வரை கீபோர்டை மெட்ரோவில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பாட்டு. என் கணவரே எழுதி மெட்டுப் போட்டது. அதன் மூன்றாம் சரணம் ஏறிக்கொண்டே போகும். உச்சியில் நான் மூச்சு விடாமல் நிற்பேன். சபை அப்படியே வாயைப் பிளந்து பார்க்கும். ஆராதனை முடிந்ததும் நாலு பேர் வந்து, “என்ன குரல் சிஸ்டர்!” என்பார்கள். கர்த்தருக்கே மகிமை என்று வாய் சொல்லும். அந்த மகிமையில் பாதியை நான் வழியிலேயே எடுத்து வைத்துக்கொண்டேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

தொண்டை கட்டியிருக்கிற நாளில்கூட ஸ்கேலை, அதாவது பாட்டின் சுருதியை, இறக்க என் கணவர் சம்மதிக்க மாட்டார். “கர்த்தர் எந்த ஸ்கேல்ல பாட்டத் தந்தாரோ அதுலதான் பாடணும். மாத்துறதுக்கு நாம யாரு?” என்பார். கர்த்தர் ஏ மைனரில்தான் தந்தார் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நானும் கேட்டதில்லை. உயரத்தில் பாடுவது எனக்கும் இனித்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தைராய்டில் கட்டி. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். குரலுக்கான நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பேச்சு பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் மேல்சுரம் பாடுவதைப் பற்றி வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

ஆபரேஷன் முடிந்தது. புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் செய்தார்கள். நான் ‘ஸ்தோத்திரம்’ என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்ல எனக்குத் தோன்றவில்லை. குரல் போய்விட்டதே என்றுதான் அழுதேன்.

சில வாரங்கள் சமையலறையிலிருந்து ஹாலுக்கு வாட்ஸ்அப்பில்தான் பேசினேன். “மம்மி, டைப் பண்ணும்போதும் நீங்க சத்தம் போடுற மாதிரியே இருக்கு” என்றான் சாம். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. பாடிப் பார்த்தேன். கீழே சரியாக இருந்தது. மேலே ஏறினால் கிழிந்தது.

“ஆண்டவரே, அந்த மூன்றாம் சரணத்தை என் குரலில் ஒரே ஒரு தடவை சபையில் கேட்க வேண்டும். இல்லையென்றால் இனி வாயைத் திறக்க மாட்டேன்” என்று தினமும் முழங்காலில் நின்றேன். அது ஜெபமா, மிரட்டலா என்று கேட்காதீர்கள். மாதக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை.

என் இடத்தில் நின்று ஜெமிமா பாடினாள். நன்றாகவே பாடினாள். பெற்ற மகள் பாடுவதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? “மம்மி, நீங்க பாட வேணாம். பக்கத்துல வந்து நில்லுங்க, பஸ், அது போதும்” என்று கெஞ்சினாள். நான் பெஞ்சைவிட்டு எழும்பவில்லை.

போன நவம்பரில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. ஹிந்தி சபையார் ஆராதித்துவிட்டுப் போன பிறகு மத்தியானம்தான் எங்கள் தமிழ்ச் சபைக்கு அந்தக் கோயில் கிடைக்கும். டெல்லி முழுக்கப் புகை. அந்தப் புகையில் ஜெமிமாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாஸ்டரோ எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தப் பாட்டை அறிவித்துவிட்டார். ஜெமிமா இருமிக்கொண்டே என்னால் முடியாது என்று கையை ஆட்டினாள். கீபோர்டில் இருந்த என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஸ்கேலை இறக்குகிற பட்டனை நாலு தடவை அழுத்தினார். எழுந்து என் பெஞ்சுக்கே வந்தார்.

“வா கிரேஸ். நாலு எறக்கியாச்சு.”

“கர்த்தர் தந்த ஸ்கேலு?” என்றேன்.

“நீ பாடாம எனக்கு எந்த ஸ்கேலும் வேண்டாம்ளா” என்றார்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுந்து போனேன். கீபோர்டைப் பார்த்தபடியே பல்லவியை எடுத்தேன். யாரோ ஒரு தடித்த குரல்காரி பாடுவதைப் போல எனக்கே கேட்டது. இரண்டாவது வரியில் பின்னால் ஏதோ சத்தம். சாம் ஸ்பீக்கரில் எதையாவது கூட்டிவிட்டானோ என்று திரும்பிப் பார்த்தேன். சபை பாடிக்கொண்டிருந்தது. நர்ஸ் பிள்ளைகள், கடைசி வரிசை ராணுவக்காரர்கள், காணிக்கை எடுக்கிற அண்ணன், எல்லோரும் பாடினார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அந்தப் பாட்டை எங்களோடு பாடியதில்லை. பாடியதில்லை என்பதை நான் கவனித்ததுகூட இல்லை.

மூன்றாம் சரணம் வந்தது. எனக்குப் பாட வரவில்லை. இந்தத் தடவை நரம்பு காரணமில்லை, அழுகை. நான் நிறுத்திவிட்டேன். பாட்டு நிற்கவில்லை. எந்தச் சரணத்தைக் கேட்க வேண்டும் என்று மாதக்கணக்கில் முழங்காலில் நின்றேனோ, அதைச் சபை முழுவதும் பாட, நான் நின்று கேட்டேன்.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் வந்தார். “தப்பா எடுக்காதீங்க சிஸ்டர். இவ்வளவு நாளும் ஒங்க பாட்டு கேக்க நல்லாத்தான் இருக்கும். கூடப் பாடலாம்னு பாத்தா நமக்கு எட்டாது. இன்னைக்குத்தான் எட்டிச்சு” என்றார். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுக்கப் போய்விட்டார். வீட்டுக்குப் போகிற வழியில்தான் உயிர் பிழைத்ததற்கு முதல் தடவையாக ஸ்தோத்திரம் சொன்னேன்.

இன்றைக்கும் என் பழைய குரல் வரவில்லை. அதைக் கேட்டு நான் ஜெபிப்பதும் இல்லை. மனது நிறைவாக இருக்கிறது. இப்போது நானும் ஜெமிமாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுகிறோம். எங்கே போனாலும் என் கணவர் கீபோர்டைப் போட்டதும், “எல்லாருக்கும் இந்த ஸ்கேல் எட்டுதா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். இந்த மனிதரை இப்படி மாற்றியதையே நான் தனி அற்புதமாகச் சொல்லுவேன்.

ஜெபித்து ஜெபித்துச் சலித்து, கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் இங்கே இருக்கலாம். கோபத்தோடேயே கேளுங்கள், கர்த்தர் கேட்கிறார். நீங்கள் கேட்ட விதமாக அவர் தராமல் போகலாம். என் வாழ்க்கையில் அதைவிட நல்லதாகவே தந்தார். அந்தப் பாட்டை இப்போதும் பாடப் போகிறோம். பாட வராது என்கிறவர்களும் எழுந்து நில்லுங்கள். முதல் வரியை மட்டும் நான் எடுத்துக் கொடுப்பேன். மற்றதை நீங்கள்தான் பாட வேண்டும்.